லிபரலிசத்தை வென்று எல்லையை இழந்த ஆட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது சிங்கப்பூரில் ஆறு தமிழ் நண்பர்கள் ஆடிய ஒரு 'சிவிலைசேஷன் 4' ஆட்டத்தின் பதிவு; ஒவ்வொருவரும் ஒரு நாட்டைச் சுற்றுச் சுற்றாக வளர்க்கும் கணினி விளையாட்டு அது. ஆட்டத்தை என் வீட்டுக் கணினியில் நடத்தியவன் நான்; ஆடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஆறு பேரிடமும் அனுமதி வாங்கி, எல்லாச் சுற்றுகளின் சேவ் கோப்புகளையும் (அந்தந்தச் சுற்றின் நிலையைச் சேமித்தவை) திறந்து பார்த்து இதை எழுதுகிறேன். பெயர்கள் தரவில்லை. ஆய்வை எந்தச் சுற்றில் எதற்குத் திருப்புவது என்ற ஒரே கேள்வியைத்தான் இது பின்தொடர்கிறது. மற்ற மூவரின் கதைகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

பின்னணி

சிவிலைசேஷன் 4 வெளிவந்தது 2005-இல். நாங்கள் ஆடுவது 2007-இல் வந்த 'பியாண்ட் த ஸ்வார்ட்' விரிவாக்கம். அதனுடன் வரும் பிட்பாஸ் என்ற சர்வர் நிரலை ஒரு கணினியில் ஓடவிட்டால் ஆட்டம் நாள் முழுவதும் திறந்தே இருக்கும். அவரவர் வேலை முடிந்து வந்து, தன் சுற்றை ஆடிவிட்டுப் போகலாம். ஆட்டக்காரர்களை இணையத்தில் சேர்த்துவைத்த கேம்ஸ்பை சேவை 2014-இல் மூடப்பட்ட பிறகு நாங்கள் நேரடி ஐபி முகவரி வழியாகத்தான் சேர்கிறோம். பிடோக்கில் இருக்கும் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாமி அறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இதற்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம். இரவு 10 மணிக்குச் சுற்று மாறும். இருவருக்குள் போர் மூண்டால் அந்த 24 மணி நேரத்தை இரண்டாகப் பிரிப்போம்: முதல் 12 மணி நேரம் தாக்குபவருக்கு, அடுத்தது தடுப்பவருக்கு. ஒரே சுற்றில் யாரும் இரண்டு முறை நகர்ந்துவிடக் கூடாது என்பதற்கான வீட்டு விதி இது. தொழில்நுட்பங்களைப் பரிமாறிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டோம். அதாவது ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய டெக்கைத் தானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம் ஆட்டம் தொடங்கியது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு சுற்று.

இந்தப் பதிவுக்கு முக்கியமானவர்கள் மூவர். முதலாமவர் ஒரு பொறியாளர், முப்பதைத் தாண்டியவர். காந்தியின் தலைமையில் இந்தியாவை எடுத்திருந்தார். அந்தத் தலைவருக்குப் பெரும் அறிஞர்கள் விரைவாகப் பிறப்பார்கள். அரசு முறையை மாற்றும்போது குழப்பச் சுற்றுகளும் இராது. தன் நகரங்களுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்: தலைநகர் தேக்கா, வடக்கு எல்லையில் உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன். இரண்டாமவர் ஓர் ஆசிரியை. பொறியாளருக்கு வடக்கே செங்கிஸ் கானின் மங்கோலியா அவருடையது. மூன்றாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஆறு பேரில் இளையவர். கிழக்கே ஒரு தீவில் எலிசபெத்தின் இங்கிலாந்தை வைத்திருந்தார். வணிகத்தில் எல்லோரையும்விட முன்னால் நின்றவர் அவர்தான்.

முதல் 100 சுற்றுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொறியாளர் ஒன்பது நகரங்களை அமைத்தார், யாருடனும் சண்டை போடவில்லை, முதலில் பிறந்த பெரும் அறிஞரைக் கொண்டு தேக்காவில் அகாடமி கட்டினார். ஆசிரியையுடன் எல்லைகளைத் திறந்துவிடும் உடன்பாடு சுற்று 40-லிருந்தே இருந்தது. மேற்கே இருந்த இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பணத்தைச் சேர்த்துவைத்து ஆய்வு செய்யும் முறை

பொறியாளர் ஆடிய விதம் புரிய வேண்டுமானால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அவர் செய்த கணக்கில் பிழை எதுவும் இல்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தை எழுதி வைக்கத் தோன்றியது.

சிவிலைசேஷன் 4-இல் நகரங்களின் வணிக வருவாயை ஒரு ஸ்லைடர் பிரிக்கிறது. அதை 0 சதவீதத்தில் வைத்தால் எல்லாம் தங்கமாகக் கருவூலத்துக்குப் போகும். 100-இல் வைத்தால் எல்லாம் ஆய்வுப் புள்ளிகளாக, அதாவது பீக்கர்களாக மாறும். செலவுக்குக் கருவூலத்தைக் கரைக்க வேண்டும். பலர் கருவூலம் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று நடுவில் எங்கோ வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

பொறியாளர் அப்படி வைப்பதே இல்லை. ஒன்று 0, இல்லாவிட்டால் 100. காரணம், நூலகம் ஆய்வுப் புள்ளிகளுக்கு 25 சதவீதம் கூட்டித் தருகிறது. கையில் இருக்கும் தங்கத்துக்கு அது எதையும் கூட்டுவதில்லை, ஆனால் அந்தத் தங்கம் நூலகம் எழும்பும் வரை காத்திருக்கும்.

ஒரு நகரின் வணிகம் 40, நாட்டின் செலவு சுற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். நூலகம் ஐந்து சுற்றில் முடியும். ஸ்லைடரை 50-லேயே விட்டால் முதல் ஐந்து சுற்றில் சுற்றுக்கு 20 வீதம் 100 பீக்கர், நூலகம் வந்த பின் ஐந்து சுற்றில் சுற்றுக்கு 25 வீதம் 125 பீக்கர், ஆக 225. அதையே முதல் ஐந்து சுற்றும் 0-இல் வைத்தால் செலவு போக 100 தங்கம் சேரும். அடுத்த ஐந்து சுற்றும் 100-இல் ஓட்டினால் சுற்றுக்கு 50 வீதம் 250 பீக்கர். கருவூலம் இரண்டு வழியிலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. வெறும் காத்திருப்பில் 25 பீக்கர் கிடைத்துவிட்டது. அகாடமியும் சேர்ந்தால் கூடுதல் 75 சதவீதம். காத்திருப்பின் பலன் இன்னும் பெரிது.

இரண்டாவது ஆதாயமும் உண்டு. நாம் சந்தித்த நாடுகளில் எத்தனை நாடுகள் ஒரு டெக்கை அறிந்திருக்கின்றனவோ அதற்கேற்ப அதன் மீது நாம் செலுத்தும் பீக்கர்கள் கூடும், அதாவது விலை குறைந்தது போலாகும். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பீக்கர்களில் அந்தக் கூடுதல் 30 சதவீதம் வரை போகும்; இதைத்தான் நாங்கள் தள்ளுபடி என்போம். ஆகவே பிறர் ஏற்கெனவே கண்டுபிடித்ததைக் கடைசியாக வாங்குவதும், யாரும் தொடாததற்கு முதலில் ஓடுவதும்தான் சிக்கனம்.

பொறியாளரின் எக்செல் தாளில் இந்த இரண்டு ஆதாயங்களுக்கும் தனித்தனிப் பத்திகள் இருந்தன. சுற்று 100 வரை அவை அவருக்கு நன்றாகவே உழைத்தன. மாணவருக்கு இருந்த வணிக வசதி எதுவும் இல்லாமலேயே ஆய்வில் அவருக்கு இணையாக நின்றார்.

சுற்று 104 முதல் 112 வரை: கவனித்தவையும் கவனிக்காதவையும்

லிபரலிசத்தை முதலில் கண்டுபிடிப்பவருக்கு இன்னொரு டெக் இலவசம். இந்த ஆட்டத்தின் நடுப்பகுதியில் பெரிய பரிசு அதுதான். பொறியாளர் பெரும் அறிஞர்களில் ஒருவரை பிலாசபிக்கும் இன்னொருவரை எஜுகேஷனுக்கும் செலவிட்டு நேராக அதை நோக்கி வந்தார். வரும் வழியில் அவர் தள்ளிவைத்தவற்றில் என்ஜினியரிங் ஒன்று. மற்ற ஐந்து பேரில் நால்வரிடம் அது இருந்தது. அந்த டெக் இருந்தால்தான் கட்ட முடிகிற பைக்மேன் ஈட்டிப் படைகள் அவர்களின் நகரங்களில் நிற்பதைப் பார்த்திருந்தார். விலை கணிசமாகக் குறைந்திருந்தது. ஐந்தாமவரும் கண்டுபிடித்தால் இன்னும் குறையும். சுற்று 101-இல் அவர் தாளில் எழுதிய குறிப்பு: "என்ஜினியரிங் - இன்னும் மலிவாகும், பிறகு."

சுற்று 110-இல் லிபரலிசம் முடிய ஒரே ஒரு சுற்று பாக்கி. அங்கே நிறுத்தினார். உடனே முடித்தால் இலவசமாக நேஷனலிசம் போன்ற ஒன்றை எடுக்கலாம். ஆனால் ஆப்டிக்ஸை முடித்துவிட்டு வந்தால் அஸ்ட்ரானமியை எடுக்கலாம். அது விலை கூடியது, கடல் கடந்த வணிக வழிகளையும் வானாய்வுக் கூடங்களையும் தருவது. ஆகவே லிபரலிசத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மூன்று சுற்று 0-இல் தங்கம் சேர்ப்பது, நான்கு சுற்று 100-இல் ஆப்டிக்ஸ், பிறகு லிபரலிசம் என்று திட்டமிட்டார். சுற்று 117-இல் முடியும்.

117 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் ஒரு போர்க்காலப் படைவீரர். ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கப்படலாம் என்பது இங்கே முழுநேரத் தேசியச் சேவையை முடித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஆண்டு இரண்டு வார முகாம் பயிற்சி, மே மாத நடுவில், சுற்று 118 ஆடும் நாளில் தொடங்கியது. சுற்று 109-இல் எங்கள் குழுவில் அதைச் சொன்னார். தான் இல்லாத நேரத்தில் வேறொருவர் கையால் லிபரலிசம் முடிவதை அவர் விரும்பவில்லை. இலவச டெக்கைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

லிபரலிசத்தைப் பிடித்துவைப்பதில் ஆபத்து உண்டு, மாணவர் முந்திவிடலாம். அதைக் கண்காணிக்கத் தன் உளவுப் புள்ளிகள் அத்தனையையும் மாணவர் மீதே திருப்பியிருந்தார். போதிய புள்ளிகள் சேர்ந்தால் எதிராளி இப்போது எதை ஆய்வு செய்கிறார் என்பது தெரியும். சுற்று 112-இல் மாணவர் லிபரலிசப் பாதையை விட்டு விலகியது அவருக்குத் தெரிந்தது. மாணவரும் இவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அண்ணனுக்கு ஒரு சுற்றுதான் பாக்கி, நான் எதற்கு ஓடணும்" என்று விலகினாராம்.

பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. மாணவர் மீதிருந்த கண்ணுக்கும் அதோடு வேலை முடிந்தது. ஆனால் பொறியாளர் உளவுப் புள்ளிகளை வேறு எங்கும் திருப்பவில்லை.

இன்னொரு அறிகுறியும் அவர் தாளில் பதிவாகியிருக்கிறது. சுற்று 111-இல், நாடுகளின் ஒப்பீட்டுத் திரையில் படைபலத்துக்கான உச்ச எண் திடீரென்று ஏறியது. அந்தத் திரை உச்ச எண்ணைக் காட்டும், அது யாருடையது என்று சொல்லாது. யாருடையது என்று பார்க்க ஆசிரியை மீது உளவுப் புள்ளிகள் வேண்டும், இவரிடம் இல்லை. "மேற்கே போர், அவர்களாக இருக்கும்" என்று எழுதிவைத்தார்.

வடக்கே நடந்தது

ஆசிரியை சுற்று 104-லேயே நைட் குதிரைப்படைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார். பொறியாளரின் முகாம் பயிற்சி பற்றிக் குழுவில் யாருக்கும் தெரிவதற்கு ஐந்து சுற்று முன்னால் அது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னர் ஒருவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து அடித்தார் என்று வருத்தப்பட்டார். சேவ் கோப்புகளில் அப்படி எதுவும் இல்லை.

அவரது இலக்கு மிலிட்டரி டிரெடிஷன். அதுவும் கன்பவுடரும் இருந்தால் கியூராசியர் என்ற குதிரைப்படையைக் கட்டலாம். நைட்டின் பலம் 10, கியூராசியரின் பலம் 12. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் நைட்டைக் கியூராசியராக உயர்த்த ஆகும் செலவு ஒன்றுக்கு 50 தங்கம் மட்டுமே. அவரும் பொறியாளரைப் போலவே ஸ்லைடரை 0-க்கு இறக்கித் தங்கம் சேர்த்தார், பிறகு 100-க்கு ஏற்றினார். ஒரே ஒரு வேறுபாடு: டெக் முடியும் சுற்றில் கருவூலத்தில் 600 தங்கம் மிச்சம் இருக்கும்படி கணக்கிட்டிருந்தார். 11 நைட்டுகளுக்கு 550.

திறந்த எல்லை வழியாக ஒரு மதப் பரப்புநரை அனுப்பி வடக்கு நகரங்களைப் பார்த்தார். லாங்போ வில்லாளர்கள் இருந்தார்கள், பைக்மேன் ஒருவரும் இல்லை. பைக்மேனின் பலம் 6, குதிரைப்படைக்கு எதிராக அது இரட்டிப்பாகும். அது இல்லாத நகரம் குதிரைக்குத் திறந்த வாசல். சுற்று 114-இல் உட்லண்ட்ஸிலும் செம்பவாங்கிலும் ஒற்றர்களை உட்கார வைத்தார். ஒற்றர் ஒரே நகரில் ஐந்து சுற்று அசையாமல் இருந்தால் செய்யும் வேலைக்கு ஆகும் உளவுப் புள்ளி பாதியாகக் குறையும்.

சுற்று 117 முதல் 119 வரை

லிபரலிசம் சுற்று 117-இல் முடிந்தது, திட்டமிட்டபடியே. பொறியாளர் அஸ்ட்ரானமியை எடுத்தார். சுற்று 112 முடிவில் கருவூலத்தில் இருந்த 506 தங்கம், சுற்றுக்கு 95 வீதம் ஐந்து சுற்றில் கரைந்து 31-இல் நின்றது. தாளில் அவர் கணித்த எண்ணும் 31-தான்.

மறுநாள் முகாமுக்குப் போனார். அவர் இடத்தில் ஆடியவர் ஜூரோங்கில் வசிக்கும் ஒரு நண்பர், இருவரும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவருக்கு நான்கு பக்கக் குறிப்பு கொடுக்கப்பட்டிருந்தது. அதை நானும் படித்தேன். மூன்று பக்கம் எந்தக் கட்டத்தில் எந்தத் தொழிலாளர் என்ன செய்ய வேண்டும் என்பது. அப்புறம் வானாய்வுக் கூடங்கள் எழும்பும் வரை ஸ்லைடரை 0-இல் வைத்துத் தங்கம் சேர்க்கச் சொல்லும் பகுதி. பாதுகாப்பைப் பற்றி ஒரே வரி: "வடக்கே அக்காவோடு ஓபன் பார்டர்ஸ் இருக்கு, பிரச்சினை வராது."

சுற்று 119-இல் ஆசிரியைக்கு மிலிட்டரி டிரெடிஷன் கிடைத்தது. அதே சுற்றில் 11 நைட்டுகளும் கியூராசியர்களாக மாறின. உயர்த்தப்பட்ட படை அந்தச் சுற்றில் நகர முடியாது என்பதால், அவற்றை எல்லைக்கு ஒரு கட்டம் பின்னால் சாலையில் நிறுத்தியிருந்தார்.

போர்

சுற்று 120-இல் போர் அறிவித்தார். உட்லண்ட்ஸில் இருந்த ஒற்றர் கலகத்தைத் தூண்ட, நகரின் தற்காப்புச் சதவீதம் அந்தச் சுற்றுக்குச் சுழியமாகியது. உள்ளே மூன்று லாங்போக்கள். ஒரே சுற்றில் நகரம் போனது, ஆசிரியை இழந்தது இரண்டு கியூராசியர்கள். சுற்று 121-இல் செம்பவாங். சுற்று 123-இல் ஈசூன்.

பொறியாளருக்குப் பதிலாக ஆடிய நண்பர் தடுமாறவில்லை என்றே சொல்வேன். சுற்று 120-இல் தன் பாதி நேரம் தொடங்கியதும் ஆய்வை என்ஜினியரிங்குக்குத் திருப்பி ஸ்லைடரை 100-க்கு ஏற்றினார். இரண்டு சுற்று 0-இல் வைத்திருந்ததால் கருவூலத்தில் பணம் இருந்தது. இருந்தும் மூன்று சுற்று ஆகும் என்று திரை காட்டியது. அதைவிடக் குறைக்க அவரிடம் எந்த வழியும் இல்லை; வேகத்தை முடிவு செய்தது நகரங்களின் வணிகம்தான், அந்த நகரங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் எனக்கு அனுப்பிய ஒலிப்பதிவு இன்னும் இருக்கிறது: "அண்ணே, காசு இருக்கு, நேரம்தான் இல்லை."

சுற்று 123-இல் என்ஜினியரிங் வந்தது. காந்தியின் நாட்டில் முறைமாற்றம் குழப்பம் இல்லாமல் நடக்கும் என்பதால் ஸ்லேவரி என்ற அடிமை முறைக்கு மாறி, மக்கள்தொகையைக் குறைத்து, அடுத்த சுற்றிலேயே நான்கு பைக்மேன்களைத் தேக்காவைச் சுற்றி எழுப்பினார். சுற்று 125-இல் ஆசிரியை தேக்காவை ஒரு முறை தாக்கிப் பார்த்து மூன்று கியூராசியர்களை இழந்தார். பிறகு வரவில்லை. சுற்று 131-இல் மாணவர் மங்கோலியாவின் கடற்கரையில் படை இறக்க, ஆசிரியை வடக்கே திரும்பினார். சுற்று 133-இல் சமாதானம். பொறியாளர் அதற்குள் முகாமிலிருந்து வந்துவிட்டார்.

அகாடமி பிழைத்தது, தலைநகர் பிழைத்தது. ஒன்பதில் ஆறு நகரம் மிஞ்சியது. அஸ்ட்ரானமியால் கிடைக்க வேண்டிய வானாய்வுக் கூடங்களில் ஒன்றுகூடப் போருக்கு முன் கட்டி முடிக்கப்படவில்லை. ஆட்டம் சுற்று 190-ஐ ஒட்டி முடிந்தது. மற்றவர்கள் மாணவரின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியை இரண்டாவது. பொறியாளர் நான்காவது.

சேவ் கோப்புகளைத் திறந்தபோது

ஆட்டம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஐந்து பேர் கூடினோம். மடிக்கணினியில் சுற்று சுற்றாகத் திறந்து பார்த்தோம்.

மேசையில் இருந்த பெரும்பாலோர் சொன்னது, லிபரலிசத்தைப் பிடித்துவைத்ததே தவறு, சுற்று 110-லேயே முடித்து நேஷனலிசத்தை எடுத்திருக்க வேண்டும் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்று 110-இல் முடித்திருந்தாலும் அவரிடம் பைக்மேன் இருந்திருக்காது. பிடித்துவைத்தது சரியான முடிவு. மாணவர் விலகிவிட்டார் என்று சுற்று 112-இல் தெரிந்த பிறகு அது இன்னும் சரியான முடிவு. பிரச்சினை, அப்படிச் சம்பாதித்த நான்கு சுற்றுகளை எதற்குக் கொடுத்தார் என்பதில் இருக்கிறது.

சுற்று 113-இன் கோப்பைத் திறந்து, ஆப்டிக்ஸுக்குப் பதில் என்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம். மூன்று சுற்று. 116-இல் கையில் இருக்கும். 117-இல் லிபரலிசம் அதே நாளில் முடியும். பெரும் பரிசின் தேதி ஒரு சுற்றுகூடத் தள்ளிப்போகவில்லை. இழப்பு, அஸ்ட்ரானமிக்குப் பதில் நேஷனலிசம் என்பது மட்டும். 119-க்குள் வடக்கில் நகரத்துக்கு இரண்டு பைக்மேன் நின்றிருக்கும்.

ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன். "பைக்மேன் இருந்திருந்தா வந்திருக்க மாட்டேன். மேற்கே போயிருப்பேன். அங்கே அவங்க ஏற்கெனவே தளர்ந்து போயிருந்தாங்க" என்றார்.

பொறியாளர் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் எக்செல் தாளைத் திறந்து, "அக்கா, என்ஜினியரிங் காத்திருந்தா எவ்வளவு மிச்சம் என்று எழுதியிருக்கேன். காத்திருந்தா என்ன போகும் என்று எழுத இதில் இடமே இல்லை" என்றார். நான் இந்தப் பதிவில் சொல்ல வருவது இதுதான். காத்திருப்பால் கிடைக்கும் தள்ளுபடியை ஆட்டமே எண்ணாகக் காட்டிவிடுகிறது. காத்திருப்பின் செலவை எந்தத் திரையும் காட்டாது. அது பக்கத்து நாட்டின் குதிரை லாயங்களில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து பேரில் நால்வருக்குத் தெரிந்த டெக் மலிவாக இருக்கிறது என்றால், அந்த நால்வரிடமும் இருக்கிற ஏதோ ஒன்று நம்மிடம் இல்லை என்றும் அதே எண் சொல்கிறது. அவர் அந்த எண்ணை விலையாக மட்டும் படித்தார்.

தேதி குறித்ததும் அப்படித்தான். பொறியாளரின் 117 அவருடைய சொந்த நாட்காட்டியிலிருந்து வந்தது. அவர் முகாமுக்குப் போக வேண்டியிருந்தது, அதில் அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆசிரியையின் 119 அவருடைய நைட்டுகளின் எண்ணிக்கை, கருவூலம், ஒற்றர்கள், சாலை எல்லாம் ஒன்று சேரும் சுற்று. டெக் கிடைத்த மறுசுற்றே அது நகரமாக மாறியது. அஸ்ட்ரானமி கிடைத்தபோது பொறியாளரிடம் அதைப் பயன்படுத்த எதுவும் தயாராக இல்லை.

மாற்றியவை

முகாம் பயிற்சிக்கு ஆட்டத்தை நிறுத்தலாமா என்று பேசினோம். பொறியாளரே வேண்டாம் என்றார். ஆறு பேரில் மூவருக்கு முகாம் வரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் நிறுத்தினால் ஆட்டம் செத்துவிடும் என்பது அவர் வாதம். அதற்குப் பதில் வேறொரு ஏற்பாடு வந்தது. இடம் மாறி ஆடுபவருக்குக் கொடுக்கும் குறிப்பில் போர் மூண்டால் என்ன செய்வது என்ற பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நகரத்தை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, ஆய்வை எதற்குத் திருப்புவது என்று அதில் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தன்னிடம் எது இல்லை என்று தெரிகிறது என்று ஆசிரியை சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

பொறியாளர் தன் தாளில் ஒரு பத்தியைச் சேர்த்தார். ஒவ்வோர் அண்டை நாட்டுக்கும் எதிரே, அவர் என்னைத் தாக்கக்கூடிய மிக முந்தைய சுற்று எது என்ற எண். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக விட்டுவிடுகிறார். சிவப்பு இருக்கும் வரை உளவுப் புள்ளிகளில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகிறது, பந்தயத்தில் யார் எதிரே ஓடினாலும் சரி. 0-க்கும் 100-க்கும் இடையே ஸ்லைடரை ஆட்டும் முறையை அவர் விடவில்லை. விட வேண்டிய காரணமும் இல்லை.

புது ஆட்டம் செப்டம்பரில் தொடங்கியது. அதில் அவர் எஜுகேஷனுக்கு முன்பே, சுற்று 96-இல், தள்ளுபடி பாதிகூட வராதபோதே என்ஜினியரிங்கை முடித்தார். லிபரலிசத்தை இரண்டு சுற்று வித்தியாசத்தில் மாணவரிடம் இழந்தார். இதை எழுதும்போது சுற்று 141. வடக்கு எல்லையில் இந்த முறையும் உட்லண்ட்ஸ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார், அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.